பாசியைப் பார்க்கவா ஐந்நூறு மைல் வந்தோம்?

நடைக்குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

இதை முதலில் நம் வாட்ஸ்அப் குழுவில்தான் எழுதினேன். பதினொரு கட்டைவிரல் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் காலையிலேயே அடுத்த பயணத்துக்கான அறிவிப்பு வந்து விழுந்தது: இத்தனை கிலோமீட்டர், இத்தனை மீட்டர் ஏற்றம், மதியச் சாப்பாடு நடந்துகொண்டே. அதனால்தான் இந்தத் திறந்த மடல். குழுவின் பெயரையோ உங்கள் பெயர்களையோ எழுதப்போவதில்லை. ஸ்காட்லாந்து ஹைலண்ட்ஸின் பழைய பைன் காடுகளுக்கு வருஷா வருஷம் ஆள் திரட்டிக்கொண்டு போகிறவர்கள் யாராக இருந்தாலும் இது அவர்களுக்கும்தான். நம்மை மட்டும் சொல்கிறான் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை ராத்திமர்க்கஸ் காட்டுக்கோ அபர்நெத்திக் காட்டுக்கோ போகும்போது 14 கிலோமீட்டர் நடை வேண்டாம். ஒரு கிலோமீட்டர் போதும். அதற்கு நான்கு மணி நேரம் கொடுங்கள்.

சிரிப்பு வருகிறதா? போன ஜூலையில் நடந்ததை நீங்கள் ஒரு மாதிரி சொல்லிவருகிறீர்கள். நான் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

ராத்திமர்க்கஸ் காட்டுக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முன்னால் போகிறவரின் முதுகுப்பையையே பார்த்துக்கொண்டு எல்லாரும் நடந்துகொண்டிருந்தோம். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று பாதையோரம் குனிந்தேன். முகத்துக்கு நேராக ஒரு அடிக்கட்டை. முழங்கால் உயரம் இருக்கும். எப்போது வெட்டினார்களோ, விரலால் அழுத்தினால் அமுங்கியது. அதன் மேல்பரப்பில் சாம்பல் கலந்த பச்சையில் குச்சி குச்சியாக ஏதோ நின்றது. ஒவ்வொன்றும் ஒரு விரல் நகத்தின் உயரம். உச்சியில் அரக்குச் சிவப்பில் ஒரு குமிழ். தீப்பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு குச்சியாக யாரோ நட்டு வைத்த மாதிரி இருந்தது. பக்கத்திலேயே சின்னச் சின்னக் கிண்ணங்கள், தாங்கிப் பிடிக்கக் காம்போடு. ஒரு கிண்ணத்துக்குள் ஒரே ஒரு மழைத்துளி. கட்டையின் வடக்குப் பக்கம் பாசி ஏறி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச வருஷத்தில் குச்சிகளையும் கிண்ணங்களையும் அது மூடிவிடும் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

தலையை நிமிர்த்தினபோது ஒருவரையும் காணோம்.

பாதை பிரிகிற இடத்தில் நாற்பது நிமிஷம் நின்றேன். ஒருவழியாக வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது மினிபஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, பாசியப் பாக்கவா ஐந்நூறு மைல் வந்தோம்?" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். காத்திருக்க வைத்தது என் தப்புதான், அதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்று வாயில் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம் அண்ணா, அதற்குத்தான் வந்தோம். அல்லது, அதற்குத்தான் வந்திருக்க வேண்டும்.

மலை ஏறவேண்டும் என்றால் ஸ்காட்லாந்து முழுக்க மலை கிடக்கிறது. வெறும் பைன் மரம் பார்க்கவேண்டும் என்றாலும் எங்கே பார்த்தாலும் நட்டு வளர்த்த தோப்புகள் இருக்கின்றன. வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே வயது, உள்ளே பகலிலேயே இருட்டு, கீழே ஊசியிலைச் சருகைத் தவிர ஒன்றும் இருக்காது. நாம் போகிற காடு அது இல்லை. பனியுகம் முடிந்து பனிப்பாறை விலகிய பிறகு தானாக வந்து முளைத்து, தலைமுறை தலைமுறையாகத் தன் விதையிலேயே தொடர்ந்து வருகிற காட்டின் மிச்சம் அது. காலெடோனியப் பைன் காடு என்கிறார்கள். 1959-ல் ஸ்டீவன், கார்லைல் என்ற இரண்டு பேர் ஹைலண்ட்ஸ் முழுக்க அலைந்து, இது தப்பிப் பிழைத்த காடு என்று 35 இடங்களைப் பட்டியல் போட்டார்கள். இன்றைய அதிகாரபூர்வப் பட்டியலில் 84 இருக்கின்றன, பலது சின்னச் சின்னத் துண்டு. க்ளென் அஃப்ரிக், ரானக்கின் கருங்காடு, 1951-ல் பிரிட்டனின் முதல் தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட பென் எய் எல்லாம் இந்தப் பட்டியலில் வருபவைதான். இவ்வளவுதான் மிச்சம் என்று தெரிந்தும் அதற்குள் நுழைந்து 14 கிலோமீட்டரை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று கடிகாரம் பார்ப்பது எனக்குப் புரியவே இல்லை.

அங்கே உள்ள பெரிய கிழ மரங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற பேர் 'பாட்டிப் பைன்'. முந்நூறு வயது தாண்டியவை உண்டு. நன்றாகப் பாருங்கள், அவற்றில் ஒன்றாவது நேராக நிற்கிறதா? அடியிலேயே இரண்டாகப் பிரிந்து, கை முறுக்கி, கூன் விழுந்து நிற்கும். நேராக வளர்ந்ததையெல்லாம் கோடாலி கொண்டுபோய்விட்டது. கப்பலுக்குப் போனது, ரயில் பாதைக்குப் போனது, இரண்டு உலகப் போரிலும் போனது. இரண்டாம் உலகப் போரில் இந்த மரங்களை வெட்டுவதற்கென்றே கனடாவிலிருந்து மரவெட்டிப் படைப்பிரிவையே கொண்டுவந்து ஹைலண்ட்ஸில் முகாம் போட்டார்கள். பலகைக்கு ஆகாது என்று ஒதுக்கினதுதான் இன்று பாட்டியாக நிற்கிறது. எனக்கு அந்தக் கோணல் மரங்கள் மேல் ஒரு தனிப் பிரியம்.

சரி, பாசிக்கு வருகிறேன்.

நமக்கு இதில் ஒரு மொழிச் சிக்கல் உண்டு. குளத்தில் மிதந்தால் பாசி, சுவரில் வழுக்கினால் பாசி, பாறையில் வட்ட வட்டமாகக் காய்ந்து ஒட்டியிருந்தால் அதுவும் பாசி. தண்ணீர் வாழ் ஆல்காவும், இலையும் தண்டும் உள்ள மாஸும், பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற லைக்கனும் நம் வாயில் ஒரே சொல்தான். இந்த மடலில் மாஸைப் பாசி என்கிறேன், லைக்கனை லைக்கன் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு சொல்லில் மூன்றையும் அடக்கினதால்தானோ என்னவோ நம் கண்ணும் மூன்றையும் ஒன்றாகவே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பழைய பைன் காட்டின் தரை தட்டையாக இருக்காது. விழுந்த மரம் வேரோடு மண்ணைத் தூக்கின இடம் ஒரு மேடு, வேர் இருந்த இடம் ஒரு குழி, அந்த மரமே மக்கின இடம் நீளமாக ஒரு வரப்பு. எல்லாவற்றின் மேலும் பாசி மெத்தை. அந்த மெத்தையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கிற ஒன்று ஹைலோகோமியம் ஸ்ப்ளென்டென்ஸ். நான் அதைப் படிக்கட்டுப் பாசி என்கிறேன். ஒரு தண்டை மட்டும் பிடுங்காமல் மெதுவாக விரலால் விலக்கிப் பாருங்கள். போன வருஷத்து இலைத்தட்டின் நடுமுதுகிலிருந்து இந்த வருஷத்துக் குருத்து எழும்பி, வளைந்து, தனக்கென்று ஒரு தட்டை விரிக்கும். அடுத்த வருஷம் அதன் முதுகிலிருந்து இன்னொன்று. வருஷத்துக்கு ஒரு படி. மேலிருந்து எண்ணிக்கொண்டே போகலாம். மேல்படி தளிர்ப்பச்சை, அதற்குக் கீழே கரும்பச்சை, அதற்கும் கீழே பழுப்பு, அதற்கப்புறம் எது பாசி எது மண் என்று பிரிக்க முடியாது. நான் ஒரு தடவை ஐந்து படி எண்ணினேன். ஐந்தாவது படியை அது விரித்த வருஷம் நாமெல்லாம் முகக்கவசத்தோடு வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம்.

அதோடு கலந்தே இன்னொன்று வளரும். புளூரோசியம் ஷ்ரெபெரி. ஈரமாக இருக்கும்போது இலை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற தண்டு சிவப்பாகத் தெரியும். இவ்வளவுதான் அதன் அழகு என்று நினைத்திருந்தேன். விஷயம் வேறு. இந்தப் பாசியின் இலை மடிப்புகளுக்குள் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, காற்றிலுள்ள நைட்ரஜனை அவை பிடித்துத் தருகின்றன. வட ஸ்காண்டிநேவியக் காடுகளில் அளந்து பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள்: ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ நைட்ரஜன். கேட்கும்போது கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் உரமே இல்லாத, அமிலம் ஏறின, குளிர்ந்த மண்ணில் அதுதான் பெரிய வரவு. நாம் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோமே, அந்த மெத்தைதான். எழுந்தபோது நாம் உட்கார்ந்த தடம் அப்படியே பதிந்திருந்தது.

பள்ளத்தில் தண்ணீர் கசிகிற இடங்களில் ஸ்பேக்னம் என்கிற பாசி. வெளிறின பச்சை, சில இடத்தில் ஒயின் சிவப்பு, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தலை. தன் உலர்ந்த எடையைப் போல் இருபது மடங்குவரை தண்ணீர் பிடிக்கும். முதல் உலகப் போரில் பஞ்சு கிடைக்காதபோது இதைக் காயவைத்துப் பையில் தைத்து ராணுவ மருத்துவமனைகளுக்குக் கட்டுப்போட அனுப்பினார்கள். அமிலத்தன்மை உள்ளதால் கிருமியும் அதில் லேசில் வளராது. உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டுக் கையை எடுங்கள், அது மூச்சு விட்டு எழும்புகிற மாதிரி எழும்பும்.

இப்போது லைக்கன். இதில்தான் எனக்குக் கோபமே.

அன்று ஒரு பாட்டி மரத்தின் தாழ்ந்த கிளையில் தாடி தாடியாகத் தொங்கியதைப் பார்த்து நம்மில் ஒருவர், "பாவம், மரத்துக்கு நோய் புடிச்சிருக்கு" என்றார். இன்னொருவர் ஒரு கொத்தைப் பிடுங்கி மோவாயில் ஒட்டவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றும் நம் குழுவின் முகப்புப் படமாக இருக்கிறது.

முதலில் நோய். லைக்கன் மரத்திலிருந்து ஒன்றையும் எடுப்பதில்லை. அதற்கு வேர் கிடையாது. மரம் அதற்கு நிற்க ஒரு இடம், அவ்வளவுதான். உணவை அதற்குள்ளே இருக்கிற ஆல்கா வெளிச்சத்திலிருந்து சமைக்கிறது, தண்ணீரும் தாதுவும் மழையிலும் மூடுபனியிலும் வருகின்றன. செத்த கிளையில் அதிகமாக இருக்கிறதே என்பீர்கள். கிளை செத்து இலை உதிர்ந்ததும் அங்கே வெளிச்சம் விழுகிறது, அதனால் லைக்கன் செழிக்கிறது. நாம் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் படித்துவிட்டு மரத்துக்காகப் பாவப்படுகிறோம்.

அடுத்தது தாடி. அது உஸ்னியா என்கிற லைக்கனாக இருக்கவேண்டும். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கீழே தானாக விழுந்துகிடக்கிற ஒரு இழையை எடுத்து ஈரத்தோடு மெதுவாக இழுத்தால் வெளித்தோல் விட்டுப்போய், உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு ரப்பர் மாதிரி நீளும். கருப்பாக, குதிரை வால் முடி மாதிரி தொங்கினால் அது பிரையோரியா, அதற்கு உள்நரம்பு கிடையாது. இரண்டுமே மெதுவாகத்தான் வளரும். காற்றில் ஒடிந்து வேறு போகும். ஒரு முழத் தாடி என்பது நம் குழுவின் வயதைவிட மூத்தது.

லண்டனில் ஏன் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நிலக்கரிப் புகையின் கந்தகம் இதற்கு ஆகவே ஆகாது. 1866-லேயே வில்லியம் நைலாண்டர் என்ற பின்லாந்துக்காரர் பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைக் கணக்கெடுத்து, நகரத்தில் வேறெங்கும் இல்லாதவை இந்தத் தோட்டத்தில் இருக்கின்றன, காற்றின் நலத்தை இவற்றை வைத்தே அளக்கலாம் என்று எழுதினார். இதில் ஒரு வேடிக்கை. அடுத்த வருஷமே ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டெனர், லைக்கன் ஒரு உயிர் இல்லை, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்த கூட்டு என்று சொன்னபோது, அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் இதே நைலாண்டரும் ஒருவர். அவ்வளவு கூர்மையான கண், இதை மட்டும் பார்க்க மறுத்துவிட்டது. அந்தக் கூட்டும் இரண்டோடு முடியவில்லை. வட அமெரிக்காவின் மேற்கே வளர்கிற பிரையோரியாவை ஆராய்ந்தவர்கள் 2016-ல், அதன் மேல்தோலுக்குள் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் இருக்கிறது என்று காட்டினார்கள். நூற்றைம்பது வருஷமாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவர் குடியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. நாம் ஓடிக்கொண்டே பார்த்தால் என்ன தெரியும்?

இன்னும் சின்னது ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பட்டை உரிந்து, வெள்ளி நிறத்தில் எலும்பு மாதிரி நிற்கிற செத்த பைன் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். பின்லாந்தில் இப்படி நின்றபடியே செத்துக் காய்ந்த பைனுக்கென்றே 'கேலோ' என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு மரத்தில், மழை நேராக அடிக்காத சாய்ந்த பக்கமாகப் போங்கள். வெறும் கண்ணுக்கு யாரோ பென்சிலால் புள்ளி குத்தின மாதிரி இருக்கும். லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குண்டூசி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காம்பு, மேலே கருப்புத் தலை. காலிசியம். தலையில் இருப்பது வித்துத்தூள், விரல் பட்டால் கரியாக ஒட்டிக்கொள்ளும். இதில் சில வகை உயிருள்ள மரத்தின் பட்டையைச் சீண்டாது, விழுந்து மக்கின கட்டைக்கும் வராது. நின்றபடி செத்து, காய்ந்து, பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கிற மரம்தான் அதற்கு வேண்டும். காட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று செத்த மரத்தை வெட்டிச் சாய்த்தால் முதலில் போவது இதுதான்.

அதேபோல, பைன் அடிக்கட்டை மட்டுமே வேண்டும் என்று அடம் பிடிக்கிற கிளாடோனியா பாட்ரைட்டிஸ் என்ற லைக்கனும் அங்கே உண்டு. அரிது. கட்டை ரொம்பப் புதிதாகவும் இருக்கக்கூடாது, பாசி மூடும் அளவுக்குப் பழையதாகவும் ஆகக்கூடாது. நான் குனிந்து பார்த்தது அது இல்லை. தலை சிவந்த தீக்குச்சி லைக்கன் அங்கே சாதாரணமாகக் கிடைப்பதுதான். ஆனால் அரிதானது நம்மில் ஒருவர் உட்கார்ந்து காலணி மாற்றிய கட்டையில் இருந்ததா இல்லையா என்று நாம் யாரும் பார்க்கவே இல்லை. பச்சைக் கேடயப் பாசி என்று ஒன்று, மக்கின மரத்தண்டில் வளர்வது. இலை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது, ஒரு காம்பும் அதன் மேல் கொழுத்த வண்டு உட்கார்ந்த மாதிரி ஒரு பையும்தான். ஸ்காட்லாந்தில் அது ஒரு சில இடங்களில் மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆட்கள் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்த பிறகு இடங்கள் கூடிக்கொண்டே போயின.

இனி நடைமுறை. எப்போது போவது?

நாம் எப்போதும் ஜூலையில் போகிறோம், வெயில் இருக்கும் என்று. வெயில் இருந்தால் பாசி சுருங்கும், லைக்கன் காய்ந்து மொறுமொறுவென்று நிறம் செத்துக் கிடக்கும். போதாததற்கு மிட்ஜ். அந்தக் கொசுக்குஞ்சுகளுக்குப் பயந்துதானே அன்று எல்லாரும் அப்படி ஓடினீர்கள், அதையாவது ஒத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் போவோம். மிட்ஜ் இருக்காது. ஈரத்தில் லைக்கனின் மேல்தோல் தெளிந்து உள்ளிருக்கிற ஆல்காவின் பச்சை வெளியே தெரியும், சாம்பலாக இருந்த மரம் மழை நின்ற பத்து நிமிஷத்தில் பச்சையாகிவிடும். நவம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுமே என்று கேட்பீர்கள். அதனால்தான் ஒரு கிலோமீட்டர் என்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. 2003-ன் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொள்கிற வரைக்கும் பாதையை விட்டு விலகி நடக்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வசந்தத்திலும் கோடையிலும் கேப்பர்கெய்லி என்கிற பெரிய காட்டுக்கோழி தரையில் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கிற காலம், அப்போது பாதையைவிட்டு இறங்குவது பொறுப்பு ஆகாது. நவம்பரில் அந்தக் கவலை குறைவு. அப்போதும் மெத்தை மேல் நடக்கவேண்டியதில்லை. பாதையோரத்திலேயே நாள் முழுக்கப் பார்க்க இருக்கிறது, நான் பார்த்த அடிக்கட்டை பாதையிலிருந்து ஒரு கை தூரம்தான்.

லென்ஸ் வேண்டும். பத்து மடங்கு பெருக்குகிற, மடக்கி வைக்கிற சின்ன லென்ஸ் போதும். எல்லாரும் அதைப் பொருளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முகத்தையே மரத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும், மூக்கு பட்டையில் இடிக்கிற வரைக்கும். முதல் தடவை செய்யும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே போட ஒரு பழைய ரப்பர் பாய் கொண்டுவாருங்கள். பிடுங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நானும் ஆரம்பத்தில் பிடுங்கிப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவன்தான். இரண்டு வாரத்தில் எல்லாம் தூசியாகிவிட்டது.

தூரம் குறைந்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது உங்கள் பயம். எனக்கு வேறு கணக்கு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நம் பட்டியலில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். முழங்கால் வலி வந்ததும் சத்தமில்லாமல் நின்றுபோன அக்கா ஒருவர். இதய அறுவைக்குப் பிறகு குழுவைவிட்டு வெளியேறின ஐயா. கைக்குழந்தைக்காரர்கள் எத்தனை பேர். யாரையும் நாம் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, கிலோமீட்டரை மட்டும்தான் போட்டோம். அந்த அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார், தன்னால் நடக்க முடியாது என்பது இல்லை, கடைசியாக வந்துசேர்ந்து எல்லாருடைய முகத்தையும் பார்ப்பதுதான் முடியவில்லை என்று. ஒரு மரத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் என்று வைத்தால் அங்கே கடைசி ஆள் என்று ஒருவரே இல்லை. குழந்தைகள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள், அவர்கள் கண் ஏற்கெனவே அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

ஏறத்தான் வேண்டும் என்கிறவர்கள் ஏறட்டும், ஜூலைப் பயணத்தை நான் ரத்து செய்யச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒன்று இப்படி.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு வசதிப்படும். லென்ஸ் என்னிடம் ஆறு இருக்கிறது, இருவருக்கு ஒன்று என்று பகிர்ந்துகொண்டால் பன்னிரண்டு பேர்வரை போகலாம். அக்காவிடம் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றார். அந்த அடிக்கட்டை இருக்கிற இடத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். வடக்குப் பக்கத்துப் பாசி அதற்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

அந்த முகப்புப் படத்தை மட்டும் தயவுசெய்து அதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்று கடைசியாக வண்டிக்கு வந்து சேர்ந்தவன்